எண்ணிய பெண்கள்

தமிழில் 'எண்ணுதல்' என்ற ஒரே சொல் இரண்டு வேலைகளைச் சுமக்கிறது. விரல்விட்டுக் கணக்கிடுவதும் எண்ணுதல்தான். மனத்துக்குள் சிந்திப்பதும் எண்ணுதல்தான். வானியலின் வரலாறு இந்த இரண்டையும் வெட்டிப் பிரித்தது. கணக்கிடும் எண்ணுதல் கூலிவேலை ஆயிற்று. அதற்குப் பெண்கள் போதும் என்றார்கள். சிந்திக்கும் எண்ணுதலுக்கு ஆராய்ச்சி என்று பெயர் வைத்தார்கள். அதை ஆண்கள் வைத்துக்கொண்டார்கள்.

ஆனால் பேரண்டத்தின் மிகப் பெரிய வடிவம் எண்ணி எண்ணித்தான் தெரியவந்தது. விண்மீன் திரள்கள், அதாவது கேலக்ஸிகள், வானமெங்கும் சீராகத் தூவப்படவில்லை. அவை கொத்துக்கொத்தாகக் கூடியிருக்கின்றன. கொத்துகளுக்கு இடையே கோடிக்கணக்கான ஒளியாண்டு அகலத்தில் வெற்றிடங்கள் கிடக்கின்றன. இந்த உண்மையை அடைந்த வழியில் பெண்களின் கை எங்கெங்கே இருந்தது, எங்கெங்கே அது தட்டிவிடப்பட்டது என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பார்க்கப்படுபவளும் பார்ப்பவளும்

இந்தக் கதையைக் கொல்லிமலையிலிருந்து தொடங்கலாம். சங்கப் பாடல்கள் இம்மலையை முக்கியமாக இருவரை வைத்து நினைவுகூர்கின்றன. ஒருவன் வல்வில் ஓரி. இன்னொருத்தி கொல்லிப்பாவை. தலைவியின் அழகுக்கு உவமை தேடிய புலவர்கள் பலமுறை இந்தப் பாவையிடம் வந்திருக்கிறார்கள். ஓரி வில்லெடுத்தான், வேட்டையாடினான், கொடை கொடுத்தான். பாவை பார்க்கப்பட்டாள். பெண்ணுக்கு உலகெங்கும் நெடுங்காலம் தரப்பட்ட இடம் அதுதான். அவள் தானே அண்ணாந்து வானத்தைப் பார்ப்பவளாக, பார்த்ததைத் தன் பெயரில் எழுதுபவளாக மாறியது மிக அண்மைக்கால வரலாறு.

கொல்லிமலையின் நாடுகளில் ஒன்று தேவனூர் நாடு. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 11 பாகையில் இருக்கும் இந்த மலையில், சித்திரை மாதத்து இரவில் சுவாதி நட்சத்திரம் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே ஏறிவிடும். பூட்டிஸ் என்று வானியலாளர்கள் அழைக்கும் கூட்டத்தின் மிக ஒளிமிக்க விண்மீன் அது. அதற்கு வடக்கே, வெறுங்கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாத ஒரு திசையில், 1981இல் ஒரு மாபெரும் வெற்றிடம் கண்டறியப்பட்டது. அதன் குறுக்களவு சுமார் 30 கோடி ஒளியாண்டு. அதே வானத்தில், உச்சிக்குச் சற்று வடக்கே கிழக்கு மேற்காக ஓடும் ஒரு குறுகலான பட்டையை எடுத்துத்தான் 1986இல் இரண்டு பெண்களும் ஓர் ஆணும் பேரண்டத்தின் முதல் 'துண்டுப் படத்தை' வரைந்தார்கள். அவர்களிடம் வருவதற்கு முன், எண்ணிக்கையின் பழைய வரலாற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சென்னையில் ஒரு பெண்

சென்னை நுங்கம்பாக்கத்தில் வானிலை ஆய்வு மைய வளாகத்துக்குள் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிய வானாய்வகத்தின் மிச்சம் அது. கல்வெட்டு வாசகம் தமிழிலும் பொறிக்கப்பட்டிருக்கிறது.

இந்த ஆய்வகத்துக்கு 1861இல் தலைவராக வந்தவர் நார்மன் போக்சன். அவருடைய மகள் எலிசபெத் ஐசிஸ் போக்சன் அப்போது சிறுமி. தாய் இறந்தபின் வீட்டுப் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. 1873 முதல் ஆய்வகத்தில் உதவியாளராக வேலை பார்த்தார். தொலைநோக்கியில் குறிக்கப்பட்ட அளவுகளைத் திருத்தி, கணக்கிட்டு, விண்மீன்களின் இருப்பிடமாக மாற்றுவது அங்கே ஓயாத வேலை. சென்னையில் அந்தக் காலத்தில் இப்படி அளக்கப்பட்ட விண்மீன்கள் ஐந்தாயிரத்துக்கும் மேல். 25 ஆண்டுகள் ஐசிஸ் இந்த வேலையில் இருந்தார். வானிலைக் கணிப்புப் பொறுப்பும் பின்னர் அவரிடம் வந்து சேர்ந்தது.

1886இல் லண்டன் ராயல் வானியல் கழகத்தின் உறுப்பினராகத் தன் மகளை நார்மன் போக்சன் முன்மொழிந்தார். கழகம் சட்ட ஆலோசனை கேட்டது. கழகத்துக்கு அரசர் வழங்கிய பட்டயம் உறுப்பினரைக் குறிக்கும் இடத்திலெல்லாம் 'அவன்' என்ற சொல்லையே பயன்படுத்தியிருக்கிறது; ஆகவே பெண்ணைச் சேர்க்க இயலாது என்று பதில் வந்தது. முன்மொழிவு திரும்பப் பெறப்பட்டது. ஒரு பிரதிப் பெயர்ச்சொல் கதவாக மாறி மூடிக்கொண்டது. அந்தக் கதவு பெண்களுக்குத் திறந்து, ஐசிஸ் உள்ளே போனபோது ஆண்டு 1920. இடையில் 34 ஆண்டுகள் கழிந்திருந்தன. அவர் வானியல் வேலையை விட்டே இருபது ஆண்டுக்கு மேலாகியிருந்தது.

இதே சென்னை ஆய்வகத்தில் வேலை செய்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1872லேயே அந்தக் கழகத்தின் உறுப்பினராகிவிட்டார். ஆளப்படும் நாட்டைச் சேர்ந்தவர் என்பது அவருக்குத் தடையாகவில்லை. ஆளும் இனத்தில் பிறந்தவர் என்பது ஐசிஸுக்கு உதவவும் இல்லை. பஞ்சாங்கக் கணிதம் வழிவழியாக வந்த சாதியில் பிறந்த ஓர் ஆணுக்குத் திறந்த கதவு அது. அந்தச் சாதிக்கு வெளியே இருந்த ஆண்களுக்கும், எந்தச் சாதிப் பெண்ணுக்கும், வாசல் எங்கே இருக்கிறது என்றே தெரிந்திருக்க வழியில்லை. ஒரே கட்டடத்துக்குள் பால், சாதி, இனம் மூன்றும் எப்படிக் குறுக்கும் நெடுக்குமாக ஓடின என்பதைப் படிக்க இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

மணிக்கூலிக்கு விண்மீன்

இதே காலத்தில் அமெரிக்காவின் ஹார்வர்ட் வானாய்வகம் பெண்களைக் கூட்டமாகவே வேலைக்கு எடுத்தது. வானத்தைப் படம்பிடித்த கண்ணாடித் தகடுகள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. அவற்றில் உள்ள புள்ளிகளை உருப்பெருக்கி வைத்துப் பார்த்து எண்ண வேண்டும், ஒளியளவைக் குறிக்க வேண்டும். பொறுமை வேண்டும், கூலி குறைவாக இருக்க வேண்டும். 'கம்ப்யூட்டர்' என்ற சொல் அப்போது இயந்திரத்தைக் குறிக்கவில்லை. கணக்குப் போடும் ஆளைக் குறித்தது. அந்த ஆள் அங்கே பெரும்பாலும் பெண்.

அவர்களில் ஒருவர் ஹென்ரியெட்டா லெவிட். அவருக்குக் கூலி மணிக்கு 30 சென்ட். ஒளி கூடிக் குறையும் விண்மீன்களை எண்ணுவதுதான் வேலை. எண்ணிக்கொண்டே போனவர் அவற்றில் ஓர் ஒழுங்கைக் கண்டார். ஒளி கூடிக் குறைய எவ்வளவு நாள் ஆகிறதோ, அதற்கேற்ப அந்த விண்மீனின் உண்மையான ஒளியளவும் அமைந்திருக்கிறது. உண்மையான ஒளி தெரிந்தால், கண்ணுக்குத் தெரியும் ஒளியை அதனுடன் ஒப்பிட்டுத் தூரத்தைச் சொல்லிவிடலாம். 1912இல் இந்த முடிவு வெளிவந்தது. அறிக்கையின் அடியில் கையொப்பம் இயக்குநர் பிக்கரிங்குடையது. தயாரித்தவர் லெவிட் என்று உள்ளே ஒரு வரி குறிப்பிட்டது. இந்த அளவுகோலைக் கொண்டுதான் 1920களில் எட்வின் ஹப்பிள் ஆண்ட்ரோமீடா நம் பால்வெளிக்கு வெளியே தனியாக இருக்கும் இன்னொரு திரள் என்று நிறுவினார். லெவிட் 1921லேயே இறந்துவிட்டார்.

திரள்கள் பல உண்டு என்று தெரிந்ததும் அவற்றை எண்ணும் வேலை தொடங்கியது. அங்கேயும் முன்வரிசையில் ஒரு பெண் இருந்தார்: அடெலெய்ட் ஏம்ஸ். கோமா, கன்னி ஆகிய திசைகளில் நெருக்கமாகக் கூடியிருந்த 2,778 திரள்களின் பட்டியலை 1930இல் வெளியிட்டார். வானமெங்கும் உள்ள ஒளிமிக்க திரள்களை ஹார்லோ ஷாப்லியுடன் சேர்ந்து தொகுத்த பட்டியல் 1932இல் வந்தது. அதே ஆண்டு படகு கவிழ்ந்து இறந்தபோது அவருக்கு வயது 32. அவர் பெயர் தாங்கிய பட்டியல் அதற்குப் பின் பல பத்தாண்டுகள் வானியலாளர்களின் கைநூலாக இருந்தது. திரள்கள் ஒரு பக்கம் அதிகமாகவும் ஒரு பக்கம் குறைவாகவும் இருக்கின்றன என்பது அந்தப் பட்டியல்களைப் பார்த்தாலே தெரியும். அது தற்செயலா, அல்லது அதற்கு ஒரு காரணம் உண்டா? எண்ணும் வேலை இங்கே சிந்திக்கும் வேலையாக மாறியாக வேண்டியிருந்தது.

கேட்கப்படாத ஆய்வேடு

அந்தக் கேள்வியை நேராகக் கேட்டவர் வேரா ரூபின். 1948இல் பட்டம் பெற்ற அவர் பிரின்ஸ்டனில் வானியல் படிக்க விரும்பினார். அந்தத் துறை பெண்களை மேற்படிப்புக்குச் சேர்த்ததில்லை. 1975வரை சேர்க்கவும் இல்லை. கார்னெலில் படித்து முடித்த ஆய்வை 1950 டிசம்பரில் வானியலாளர் கூட்டத்தில் வாசித்தபோது அவருடைய முதல் குழந்தை பிறந்து சில வாரங்களே ஆகியிருந்தன. கைக்குழந்தையோடு எப்படி வருவாய், உன் ஆய்வை என் பெயரில் நானே வாசித்துவிடுகிறேன் என்று மூத்தவர் ஒருவர் சொன்னார். ரூபின் மறுத்துவிட்டு, குழந்தையோடு போய் வாசித்தார். மறுநாள் செய்தித்தாள் தலைப்பு அவரை இளம் தாய் என்றுதான் அறிமுகப்படுத்தியது. கூட்டத்தில் பேசிய ஆண்களில் எத்தனை பேர் தந்தையர் என்று எந்தச் செய்தித்தாளும் கேட்டதில்லை.

முனைவர் பட்டத்துக்கு அவர் சேர்ந்த ஜார்ஜ்டவுனில் வகுப்புகள் மாலையில் நடந்தன. அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. கணவர் ராபர்ட் அழைத்துப்போய் விட்டுவிட்டு, வகுப்பு முடியும்வரை காரிலேயே காத்திருப்பார். குழந்தைகளை ரூபினின் பெற்றோர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பெண்ணின் ஆய்வேட்டுக்குப் பின்னால் எத்தனை பேர் தங்கள் மாலைப்பொழுதுகளைக் கொடுக்க வேண்டியிருந்தது என்பதையும் வரலாறு எழுத வேண்டும். அந்தக் கைகள் கிடைக்காத பெண்களின் ஆய்வேடுகள் எழுதப்படாமலேயே போயின.

1954இல் ஜார்ஜ் காமோவின் வழிகாட்டுதலில் ரூபின் முடித்த ஆய்வேடு, ஹார்வர்டின் பழைய எண்ணிக்கைகளை எடுத்துக் கணித முறையில் ஆராய்ந்தது. திரள்கள் தற்செயலாகச் சிதறிக் கிடக்கவில்லை, கூடிக் கூடி இருக்கின்றன என்பது முடிவு. இன்று பாடப்புத்தகத்தில் இருக்கும் செய்தி இது. அன்று ஏறத்தாழ யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. 15 ஆண்டுகள் கழித்தே இந்தக் கேள்வி வானியலின் நடுக்கூடத்துக்கு வந்தது. அப்போது அதை முன்னெடுத்தவர்கள் வேறு.

ரூபின் நிற்கவில்லை. 1965இல் பாலோமர் மலைத் தொலைநோக்கியை முறைப்படி பயன்படுத்த அனுமதி பெற்ற முதல் பெண் ஆனார். அதுவரை சொல்லப்பட்ட காரணம், அங்கே பெண்களுக்குக் கழிப்பறை இல்லை என்பது. அவர் காகிதத்தில் ஒரு பாவாடை வெட்டி, ஆண்கள் கழிப்பறைக் கதவில் இருந்த மனித உருவத்தின் மேல் ஒட்டிவிட்டு, இதோ இருக்கிறது என்றார். பள்ளியில் கழிப்பறை இல்லாததால் படிப்பை நிறுத்திய பெண்பிள்ளைகளை அறிந்த நமக்கு, உலகின் மிகப் பெரிய தொலைநோக்கியிலும் கதை அதுதான் என்பது வியப்பாக இருக்காது.

ஆழம் தெரிந்தபோது

வெற்றிடங்கள் ஏன் இவ்வளவு தாமதமாகத் தெரிந்தன? கொல்லிமலையின் விளிம்பில் நின்று இரவில் கீழே பார்ப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அடிவாரத்துச் சாலையில் நின்றால், பக்கத்து ஊர் விளக்கும் பத்து மைல் தள்ளியுள்ள ஊர் விளக்கும் ஒரே வரிசையில் கலந்து மின்னும். எது எந்த ஊர் என்று பிரிக்க முடியாது. எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி மேலிருந்து பார்த்தால் சேந்தமங்கலம் தனியாகவும் காரவள்ளி தனியாகவும் தெரியும். நடுவே வயற்காடு இருட்டாகக் கிடக்கும். வானப் படம் என்பது அடிவாரத்திலிருந்து பார்ப்பது போன்றது. முன்னால் இருக்கும் திரளும் பின்னால் இருக்கும் திரளும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, இடைவெளியை நிரப்பிவிடும்.

மேலே ஏறுவதற்கு ஒரு வழி உண்டு. பேரண்டம் விரிவதால், ஒரு திரள் எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ அவ்வளவு அதன் ஒளி சிவப்பு நிறத்தின் பக்கம் நகர்ந்திருக்கும். இதைச் செம்பெயர்ச்சி என்கிறோம். ஒவ்வொரு திரளின் ஒளியையும் நிறநிறமாகப் பிரித்து இந்த நகர்வை அளந்தால் அதன் தூரம் கிடைக்கும். அளக்க அளக்க, தட்டையான படத்துக்கு ஆழம் வரும். 1970களின் பிற்பகுதியில் எஸ்தோனியாவிலும் அமெரிக்காவிலும் இப்படி அளந்தவர்கள் முதல் இடைவெளிகளைக் கண்டார்கள். 1981இல் பூட்டிஸ் வெற்றிடம் வந்தபோதும், இது ஏதோ ஒரு விதிவிலக்கு என்றே பலர் நினைத்தார்கள்.

அந்த நினைப்பை மாற்றியவர்கள் வாலெரி த லாப்பரான், மார்கரெட் கெல்லர், ஜான் ஹுக்ரா ஆகிய மூவர். கெல்லர் பிரின்ஸ்டனில் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற இரண்டாவது பெண். த லாப்பரான் பிரான்சிலிருந்து வந்த ஆய்வு மாணவி. அரிசோனாவில் 1.5 மீட்டர் தொலைநோக்கி ஒன்றைக்கொண்டு, 6 பாகை அகலமும் 117 பாகை நீளமும் உள்ள வானப் பட்டையில் சுமார் 1,100 திரள்களை ஒவ்வொன்றாக அளந்தார்கள். தரவுகளைப் படமாக வரைந்தபோது, திரள்கள் மெல்லிய சுவர்களில் அடுக்கியதுபோல் இருந்தன. சுவர்களுக்கு நடுவே 10 முதல் 20 கோடி ஒளியாண்டு அகலமுள்ள வெற்றிடங்கள். பார்த்த இடமெல்லாம் வெற்றிடம். 1986 மார்ச்சில் வெளியான கட்டுரையில் மாணவியின் பெயரே முதலில் இருந்தது.

அந்தக் கட்டுரை பேரண்டத்தை எதனோடு ஒப்பிட்டது என்பதையும் சொல்ல வேண்டும்: சமையலறைத் தொட்டியில் பாத்திரம் கழுவும்போது எழும் சோப்பு நுரை. நுரைக்குமிழின் தோலில் திரள்கள், உள்ளே வெற்றிடம். அறிவியல் உவமைகள் போர்க்களத்திலிருந்தும் இயந்திரக் கூடத்திலிருந்தும் வந்து பழகிய துறையில், பெண்கள் நாள்தோறும் கைவைக்கும் இடத்திலிருந்து ஒரு உவமை வந்தது. அது துல்லியமாகவும் இருந்தது. 1989இல் கெல்லரும் ஹுக்ராவும் சுமார் 50 கோடி ஒளியாண்டு நீளமுள்ள 'பெருஞ்சுவர்' ஒன்றை அடையாளம் கண்டார்கள்.

அதே 1986 ஜனவரியில் ஜவ்வாதுமலையிலுள்ள காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி திறக்கப்பட்டது. கொல்லிமலையில் போலவே ஜவ்வாதிலும் மலையாளி என்னும் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். அரிசோனாவில் பயன்பட்டதைவிடப் பெரிய கண்ணாடி நம் மலைமேல் இருந்தது. அந்தக் கண்ணாடிக்கும் மலையில் பிறந்த ஒரு பெண்பிள்ளைக்கும் இடையே இருந்த தூரத்தை எந்தச் செம்பெயர்ச்சியாலும் அளக்க முடியாது. அது பள்ளிக்கும் பேருந்துக்கும் விடுதிக்கும் மொழிக்கும் இடையே கிடக்கும் தூரம்.

வெற்றிடத்தில் இருப்பவை

பெயர்தான் வெற்றிடம், உள்ளே ஒன்றுமில்லை என்பது உண்மையல்ல. சராசரியைவிட மிகக் குறைவாகப் பொருள் உள்ள இடம் என்பதே அதன் சரியான பொருள். பூட்டிஸ் வெற்றிடத்தை மேலும் நுட்பமாகத் தேடியபோது அங்கேயும் பல திரள்கள் தென்பட்டன. வெற்றிடத் திரள்கள் பெரும்பாலும் சிறியவை. வாயு வளம் மிக்கவை. நெரிசலான கொத்துகளில் உள்ள திரள்கள் ஓய்ந்துபோன பிறகும் இவை புதிய விண்மீன்களைப் பிறப்பித்துக்கொண்டிருக்கின்றன.

வெற்றிடம் உருவான விதமும் கவனிக்கத்தக்கது. தொடக்கத்தில் பேரண்டம் ஏறத்தாழச் சமமாகவே இருந்தது. வித்தியாசம் லட்சத்தில் ஒரு பங்கு அளவே. சற்றே கூடுதலாகப் பொருள் இருந்த இடம் தன் ஈர்ப்பால் மேலும் இழுத்துக்கொண்டது. சற்றே குறைவாக இருந்த இடம் இருந்ததையும் இழந்து விரிந்தது. மிகச் சிறிய தொடக்க வேறுபாடு, போதிய காலம் கிடைத்தால், சுவராகவும் வெற்றிடமாகவும் பிரிந்துவிடுகிறது. இயற்கையின் விதியைச் சமூகத்துக்கு அப்படியே பொருத்தக் கூடாது. ஈர்ப்புவிசைக்கு மனச்சாட்சி கிடையாது. கல்வித்துறைக்கும் அரசுக்கும் உண்டு, அல்லது இருக்க வேண்டும். 1886இல் லண்டன் கழகம் பெண்ணை மறுத்தது விதி அல்ல, முடிவு. முடிவுகளை மாற்றலாம்.

மாறியும் இருக்கின்றன. கோயம்புத்தூரில் பிறந்த பிரியம்வதா நடராஜன் இன்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில், திரள் கொத்துகளுக்குள் ஒளிந்திருக்கும் இருண்ட பொருளின் வரைபடங்களை உருவாக்குகிறார். சிலியின் மலையுச்சியில் 8.4 மீட்டர் கண்ணாடியுடன் எழுந்துள்ள வானாய்வகத்துக்கு வேரா ரூபினின் பெயர் சூட்டப்பட்டு, 2025இல் அதன் முதல் படங்கள் வெளிவந்தன. ஒருகாலத்தில் ஒவ்வொன்றாக எண்ணப்பட்ட திரள்களை இன்று ஒரே நேரத்தில் 5,000 ஒளியிழைகள் கொண்ட கருவி அளக்கிறது.

எண்ணும் வேலை பொதுமக்களிடமும் வந்திருக்கிறது. 2007இல் தொடங்கிய 'கேலக்ஸி ஸூ' திட்டத்தில் திரள்களின் படங்களைப் பார்த்து யார் வேண்டுமானாலும் வகைப்படுத்தலாம். நெதர்லாந்துப் பள்ளி ஆசிரியை ஹன்னி வான் ஆர்கல் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது யாரும் அறிந்திராத ஒரு பச்சை ஒளிமேகத்தைக் கண்டார்; இன்று அது அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. மணிக்கு 30 சென்ட் வாங்கிய பெண்களின் வேலை இப்போது கூலியே இல்லாமல் நடக்கிறது என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு. லெவிட்டுக்கு அறிக்கையின் உள்ளே ஒரு வரிதான் கிடைத்தது; ஹன்னிக்கு வானத்திலேயே பெயர் கிடைத்தது.

தேவனூர் நாட்டைப் போன்ற ஊர்களைப் பற்றி, "அங்கே என்ன இருக்கிறது, ஒன்றுமில்லை" என்று சமவெளியில் இருப்பவர்கள் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். வானியலின் நூறாண்டு அனுபவம் அந்தப் பேச்சுக்கு எதிராக இரண்டு கேள்விகளைக் கற்றுத்தருகிறது. எண்ணியது யார்? எவ்வளவு ஆழம்வரை எண்ணினார்கள்? பெண்களின் வரலாற்றை எழுதும் நாமும் ஒவ்வொரு ஆவணத்திலும் இந்தக் கேள்விகளைக் கேட்டாக வேண்டும். ஐசிஸ் போக்சன் போன்ற ஒருவரின் பெயராவது ஏட்டில் இருக்கிறது. அந்த ஏடுகளுக்கு வெளியே விடப்பட்டவர்களை எண்ணும் வேலை இன்னும் பெரிது. அதற்கு ஆட்கள் வேண்டும், மலைமேலிருந்தும் வேண்டும்.